பல் வேரைக் கழுவும் கேளா ஒலி



மௌலா அலியில் குடியிருக்கும் நமக்கு 'அல்ட்ராசானிக்' என்ற சொல் புதிதன்று. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள், தண்டவாளத்தின் மேல் ஒரு சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்களைப் பார்த்திருப்பார்கள். அந்த வண்டி இரும்புக்குள் ஒலியைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கிறது. 1971இல் இங்கே நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்திலும் இதே முறைதான். என்.எஃப்.சி. என்று நாம் சொல்லும் அந்த வளாகத்தில், கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களுக்குப் போகும் எரிபொருளைப் பொதியும் ஜிர்கலாய்க் குழாய்களை மீயொலி கொண்டு சோதிக்கிறார்கள்.

மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது நமக்குக் கேளாது. அதுவே மீயொலி. அடியேன் ரயில்வேயில் பல ஆண்டுகள் வண்டி அச்சுகளை மீயொலியால் சோதித்து ஓய்வு பெற்றவன். இரும்பைச் சோதிக்கும் இந்த ஒலி ஒருநாள் என் வாய்க்குள்ளேயே வேலை செய்யும் என்று நான் நினைத்ததில்லை. அந்தக் கதையையும் அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரவில் தூங்கவிடாமல் வலித்தது. பல் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வேர்ச் சிகிச்சை, அதாவது 'ரூட் கெனால்' செய்ய வேண்டும் என்றார். முதல் நாள் பல்லைத் திறந்து, உள்ளே அழுகியதை எடுத்து, ஒரு வெள்ளை மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்துவிட்டார். "பத்து நாளில் கட்டாயம் வாருங்கள்" என்றும் சொன்னார்.

மறுநாளே வலி நின்றுவிட்டது. அந்தச் சமயம் மன்னார்குடியில் என் தங்கை மகள் திருமணம். புறப்பட்டுப் போனோம். திருமணம், குலதெய்வக் கோவில், உறவினர் வீடுகள் என்று நாட்கள் ஓடின. திரும்பி வந்த பிறகும், வலிதான் இல்லையே என்று சும்மா இருந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு எழுந்தேன். தற்காலிக அடைப்பு எப்போதோ உடைந்து, எச்சில் உள்ளே புகுந்திருந்தது.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து சொன்னதைத் தமிழில் தருகிறேன். "வலி போனது நல்லதுதான் அங்கிள். ஆனால் நான் வைத்த மருந்து உள்ளே தங்குவதற்கு வைத்தது அல்ல, எடுப்பதற்கு வைத்தது. அதை முழுதாக வெளியே எடுத்தால்தான் பல்லை மூட முடியும். வைப்பதைவிட எடுப்பதுதான் சிரமம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வியப்பாக இருந்தது. விசாரித்தேன், படித்தேன். அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. பல்லின் உள்ளே

வெளியே தெரியும் பல்லின் வெண்மைப் பகுதி எனாமல். அதற்கு உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, நடுவில், நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட மென்மையான பற்கூழ். இந்தக் கூழ் ஒவ்வொரு வேரிலும் நுண்ணிய குழாய் வழியாக இறங்கி எலும்பைச் சேர்கிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் கூழை எட்டினால் அது அழுகுகிறது. வேர் நுனியில் சீழ் கட்டுகிறது. வேர்ச் சிகிச்சை என்பது அழுகிய கூழை எடுத்து, குழாயைத் தூய்மை செய்து, மீண்டும் கிருமி புகாதபடி அடைத்து, பல்லைக் காப்பாற்றும் முறையாகும்.

குழாய் என்றவுடன் நேரான துளை என்று நினைத்துவிடக் கூடாது. சூரிச் நகரின் வால்டர் ஹெஸ் என்பவர், பிடுங்கிய பற்களின் குழாய்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பிறகு பல்லைக் கரைத்து, உள்ளே இருந்த வடிவத்தை அப்படியே வெளியே எடுத்துப் பார்த்தார். 1917இல் வெளியான அவருடைய ஆய்வு, வேர்க்குழாய்கள் கிளைவிட்டும் ஒன்றோடொன்று இணைந்தும் இருப்பதைக் காட்டியது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் அடிக்கடி உண்டு. நுனியில் குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே இருக்கலாம். இந்த மூலை முடுக்குகளில் எந்த அரமும் நுழையாது. நீர்மம் மட்டுமே நுழையும்.

2. அந்த வெள்ளை மருந்து எது?

நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்புதான்! வேதியியல் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் என்பவர் இதைப் பல் மருத்துவத்தில் புகுத்தினார். இதன் காரத்தன்மை மிக அதிகம். பி.எச். அளவில் சுமார் 12.5. அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. ஆகவே கிருமி மிகுந்த பல்லில் முதல் முறை கழுவிய பின், பொதுவாக ஓரிரு வாரம் இதை உள்ளே வைத்திருக்கிறார்கள். எல்லாப் பற்களுக்கும் இது தேவைப்படுவதில்லை. ஒரே நாளில் முடிக்கக்கூடிய சிகிச்சைகளும் உண்டு. அதை மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அதே சுண்ணாம்புதானே" என்று வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பல்வலிக்குத் தடவ வேண்டாம். காரம் ஈறையும் கன்னத்தையும் புண்ணாக்கும். மருத்துவர் வைப்பது தூய்மை செய்யப்பட்டு, அளவாக, குழாய்க்குள் மட்டும் வைக்கப்படுவது.

3. ஏன் எடுக்க வேண்டும்? ஏன் எடுப்பது கடினம்?

கடைசி நாளில் குழாயை கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளாலும் ஒட்டுப் பசையாலும் நிரப்புகிறார்கள். சுவரில் பழைய காரை ஒட்டியிருந்தால் புதுப் பூச்சு பிடிக்காது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அதுபோலவே, சுவரில் சுண்ணாம்பு மருந்து தங்கினால் ஒட்டுப் பசை டென்டினோடு சரியாகச் சேராது. துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினாலும் கலந்த பசையாக இருந்தால், மிஞ்சிய சுண்ணாம்பு அதோடு வினைபுரிந்து அதன் தன்மையையே மாற்றிவிடும். அந்த இடைவெளியில் பிற்காலத்தில் கசிவு ஏற்படலாம்.

எடுப்பது கடினமாவதற்கு மூன்று காரணங்கள்:

அ) சுண்ணாம்பு நீரில் எளிதில் கரையாது. ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகவே கரையும்.

ஆ) கரியமில வாயு பட்டால் அது கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. திறந்து வைத்த சுண்ணாம்பு டப்பாவின் ஓரத்தில் கல்போல் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதைக் குழாய் நீரில் காட்டினால் போய்விடுமா?

இ) ஊசிக்குழல் மூலம் நீர்மத்தைப் பாய்ச்சினால், அது ஊசி முனையைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டரே வேகத்தோடு போகும். வேர் நுனியில் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டால் அதுகூடப் போகாது.

4. கேளா ஒலி என்ன செய்கிறது?

குறுகிய கழுத்துள்ள எண்ணெய்ப் புட்டியை நம் வீட்டுப் பெண்கள் எப்படிக் கழுவுவார்கள்? நீரை ஊற்றிக் கவிழ்த்தால் பிசுக்குப் போகாது. கொஞ்சம் அரிசியும் நீரும் போட்டுக் குலுக்குவார்கள். பல்லைக் குலுக்க முடியாது. ஆகவே உள்ளே இருக்கும் நீர்மத்தைக் குலுக்குகிறார்கள்.

குழாயை நீர்மத்தால் நிரப்பி, அதற்குள் மிக மெல்லிய உலோகக் கம்பியை இறக்குகிறார்கள். கம்பியின் மறுமுனை, விநாடிக்குச் சுமார் 25,000 முதல் 30,000 முறை அதிரும் கருவியில் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்களே இக்கருவியின் உயிர். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அந்தத் தன்மையைத் திருப்பிப் போட்டதே இந்த அதிர்வு. நீர்மத்துக்குள் மீயொலி பரவுவதைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் திருச்சி தந்த சர் சி.வி. ராமனுக்கும் பங்குண்டு. மீயொலி பாயும் நீர்மம் ஒளியை எவ்வாறு சிதறச் செய்கிறது என்பதை அவரும் நாகேந்திர நாத்தும் 1930களில் பெங்களூரில் விளக்கினார்கள்.

அதிரும் கம்பியைச் சுற்றி நீர்மம் சிறு சிறு சுழல்களாக ஓடுகிறது. அந்த ஓட்டம் சுவரில் ஒட்டிய மருந்தைச் சுரண்டிப் பெயர்க்கிறது, கம்பி எட்டாத கிளைகளுக்குள்ளும் நுழைகிறது. நுண்குமிழிகள் தோன்றி உடைவதும் ஓரளவு உதவுகிறது. நகைக்கடையில் கொலுசைத் தொட்டியில் போட்டு அழுக்கெடுப்பதும் மீயொலியால்தான்.

இதை 1957இல் ரிச்மன் என்பவர் முதன்முதலில் வேர்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். 1976 முதல் ஹவர்ட் மார்ட்டின் இதை வளர்த்தார். முதலில் அதிரும் அரத்தால் சுவரையே அறுத்தார்கள். அதில் குழாயின் வடிவம் கெடும் அபாயம் இருந்தது. 1980இல் வெல்லர் குழுவினர், சுவரை அறுக்காமல் நீர்மத்தை மட்டும் அதிரச் செய்யும் முறையை எடுத்துரைத்தார்கள். இன்று மருந்தைக் கழுவப் பயன்படுவது அந்த முறைதான். கம்பி சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு குறையும். வளைந்த குழாயில் சுவரில் பள்ளம் விழலாம், கம்பி முறியவும் கூடும்.

என் தொழிலில் நான் கற்ற ஒரு விதி இங்கும் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்தேன். அச்சின் முனையில் எண்ணெய் தடவாமல் சோதனைக் கருவியை வைத்தால் ஒன்றும் தெரியாது. இடையில் காற்று இருந்தால் மீயொலி நின்றுவிடும். தண்டவாள வண்டியிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருப்பது அதற்காகத்தான். வேர்க்குழாயிலும் அப்படியே. நீர்மம் நிறைந்திருந்தால்தான் அந்தக் கம்பிக்கு வேலை. ஒரு வேறுபாடும் உண்டு. அச்சுச் சோதனையில் அதிர்வு விநாடிக்குப் பல லட்சம். அது எதிரொலியைக் கேட்கும் ஒலி. பல்லில் சில பத்தாயிரங்களே. இது உழைக்கும் ஒலி.

5. எந்த நீர்மம்?

முதலாவது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில், 1915இல், புண்களைக் கழுவ டேக்கின் என்பவர் அறிமுகப்படுத்தியது இதன் நீர்த்த கரைசலே. இது கிருமியைக் கொல்லும், அழுகிய திசுவைக் கரைக்கும். இரண்டாவது இ.டி.டி.ஏ. என்ற பொருள். இது கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். 1957இல் நார்வேயின் நீகார்ட் ஊஸ்ட்பி இதை வேர்ச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அப்படிப்பட்டதே.

பொதுவாக, கம்பியை 20 விநாடி அதிரவிட்டு, பழைய நீர்மத்தை வெளியேற்றிப் புதியது நிரப்பி, மறுபடி 20 விநாடி என்று மூன்று சுற்றுச் செய்கிறார்கள். 2007இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பிடுங்கிய பற்களில் சோதித்தபோது, ஹைப்போகுளோரைட்டோடு மீயொலி சேர்ந்தால், வெறும் ஊசிக்குழலைவிடவும், வெறும் நீரோடு சேர்ந்த மீயொலியைவிடவும் சுண்ணாம்பு நன்றாக வெளியேறியது. அதாவது ஒலி மட்டும் போதாது, நீர்மம் மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

நமக்குப் பெருமையான செய்தி ஒன்று. இதற்கு ஓராண்டு முன்பே, 2006இல், சென்னையைச் சேர்ந்த நந்தினி, வேல்முருகன், கந்தசாமி ஆகியோரின் ஆய்வு உலகப் பல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்கள் சுண்ணாம்பு மருந்தை இரு வகையாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று நீரில் குழைத்தது. மற்றொன்று சிலிக்கோன் எண்ணெயில் குழைத்தது. மீயொலியோடு இ.டி.டி.ஏ.யையும் சிட்ரிக் அமிலத்தையும் தனித்தனியே பயன்படுத்தி, எவ்வளவு மருந்து மிஞ்சுகிறது என்று சி.டி. ஸ்கேன் மூலம் அளந்தார்கள். நீரில் குழைத்ததை இரண்டுமே அகற்றின. எண்ணெயில் குழைத்ததை அகற்றச் சிட்ரிக் அமிலமே மேலாக இருந்தது. உள்ளே எந்த மருந்து இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எடுக்கும் வழியும் தெரியும் என்பதை இந்த ஆய்விலிருந்து நாம் அறிகிறோம். நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

6. இதன் எல்லைகள்

இது மந்திரக்கோல் அன்று. எந்த முறையும் சுண்ணாம்பை முழுக்க முழுக்க அகற்றுவதில்லை. வேர் நுனிப் பகுதியில் சிறிது தங்குகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பிடுங்கிய பற்களில் நடந்தவை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஒற்றை வேர்ப் பற்களில் சிகிச்சை பெற்ற நோயாளிகளை ஒப்பிட்டது. ஊசிக்குழலால் கழுவியவர்களுக்கும் மீயொலியால் கழுவியவர்களுக்கும் வேர் நுனிப் புண் ஆறுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இந்தக் கருவி இல்லாத மருத்துவமனை மோசம் என்று எண்ண வேண்டாம். பொறுமையாக, போதிய நீர்மத்தோடு கழுவும் மருத்துவரே முக்கியம்.

ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால் கடும் வலியும் வீக்கமும் வரும். ஆகவே சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டினால் முகம் சுளிக்காதீர்கள். அது நம் தொண்டையையும் ஈறையும் காக்கும் திரை.

7. நாம் செய்ய வேண்டியவை

இனி, என்னைப் போல் தவறு செய்யாமலிருக்கச் சில குறிப்புகள்:

* வலி நிற்பது சிகிச்சையின் முடிவன்று. மருந்து வைத்த பல் பாதி வழியில் நிற்கும் பல். குறித்த நாளில் போய் முடித்துவிடுங்கள்.

* சுண்ணாம்பு மருந்து மாதக்கணக்கில் உள்ளே இருந்தால் பல்லின் வலிமையே குறையலாம். 2002இல் கோபன்ஹேகனில் ஆண்ட்ரியாசன் குழுவினர், வளர்ச்சி முடியாத ஆட்டுப் பற்களில் இதைக் கண்டார்கள்.

* தற்காலிக அடைப்பு விழுந்தாலோ உடைந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

* கோடை விடுமுறைக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் போவதாக இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே தேதியைச் சொல்லுங்கள்.

* பாதி வைத்தியம் இங்கே, மீதி ஊரில் என்று ஆனால், நான்கு விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பல், எத்தனை குழாய்கள் கண்டார்கள், எந்தத் தேதியில் எந்த மருந்து வைத்தார்கள், அது நீரில் குழைத்ததா எண்ணெயில் குழைத்ததா. எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊரில் பார்க்கும் மருத்துவருக்கு இந்த ஒரு தாள் பெரிய உதவி.

* இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், மீயொலிக் கருவியைப் பயன்படுத்தும் முன் அதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

* சிகிச்சை முடிந்த பின் பல்லுக்கு உறை போடச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவாக...

என் பல் பிழைத்தது. ஆனால் இரண்டு முறை வர வேண்டியவன் ஐந்து முறை வந்தேன். செலவும் ஏறக்குறைய இருமடங்கு. கடைசி நாள் மருத்துவர் கம்பியை உள்ளே விட்டபோது, பல்லுக்குள் மெல்லிய சிலிர்ப்பு ஒன்று தெரிந்தது. நீர்மத்தோடு வெள்ளைத் துகள்கள் வெளியே வந்ததைக் கண்ணாடியில் காட்டினார். நான்கு மாதம் நான் மறந்திருந்த மருந்து அது.

ரயில்வேயில் இருந்தபோது, அச்சில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த அச்சை ஓடவிட மாட்டேன். "இன்றைக்கு ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன். அதே நான் என் பல்லிடம் "இன்றைக்கு வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அயலூரில் வாழும் நமக்குச் சொல் பெரிய சொத்து. அதைக் காக்கும் பல்லுக்காக, குறித்த நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.